விட்டு விட்டு வரும் மோட்டார் கோளாறு: வியாபார அன்பர்களுக்கு ஒரு பாடம்



நம்மிடம் கடன் வாங்கியவர்களில் இரண்டு வகையினர் உண்டு. கொடுக்கவே மாட்டேன் என்கிறவன் ஒருவன். அவன் கணக்கை வராக்கடன் என்று எழுதி மூடிவிடலாம். ஒரு மாதம் கொடுத்து, இரண்டு மாதம் மறைந்து, மீண்டும் சிரித்துக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்கிறவன் மற்றொருவன். நம்மை அலைக்கழிப்பவன் இந்த இரண்டாமவனே. மோட்டார் காரின் கோளாறும் இவ்வாறு இரண்டு வகைப்படும். அடியோடு நின்றுபோன காரைப் பழுது பார்ப்பது எளிது. நேற்று நின்று, இன்று ஓடி, மெக்கானிக் முன்னால் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்கிற காரைத்தான் கண்டுபிடிப்பது கடினம். அதைப் பற்றியே இக்கட்டுரை.

சிங்கப்பூரில் பழைய கார் வைத்திருப்போரின் நிலையை நாம் அறிவோம். 1990-ஆம் ஆண்டில் சி.ஓ.இ. என்னும் வாகன உரிமைச் சான்றிதழ் வந்ததிலிருந்து, ஒரு காருக்கு 10 ஆண்டே முதல் தவணை. அதன்பின் பணம் கட்டி 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பித்துக்கொள்ளலாம். 10 வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனை நிலையத்துக்குப் போய் வர வேண்டும். சாலை வரியும் கூடுகிறது. இவ்வளவு செலவிட்டு வைத்திருக்கும் வண்டி சரக்கோடு நடுவழியில் நின்றால், அன்றைய வியாபாரமும் நின்றுவிடும். அத்துடன் நம் நாட்டு வானிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை; எந்நாளும் ஈரக் காற்று. செம்புக் கம்பியில் களிம்பு ஏறுவதற்கும், ரப்பர் உறை இற்றுப்போவதற்கும் வேறு என்ன வேண்டும்?

எனக்கு நேர்ந்தது

2014-இல் என்னிடம் 1996-ஆம் வருடத்திய பெட்ரோல் கார் ஒன்று இருந்தது. கைக் கியர் வண்டி. விடியற்காலையில் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை மையத்திற்குப் போய் வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு சிராங்கூன் ரோட்டுப் பக்கம் உள்ள என் கடைக்குத் திரும்புவது வழக்கம். ஒரு நாள் கார்ப்பார்க் ஏற்றத்தில் ஏறும்போது இஞ்சின் சட்டென்று அணைந்தது. சாவியைத் திருப்பினேன், உடனே பற்றிக்கொண்டது. இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மீண்டும் நின்றது.

பழுது பார்க்கும் இடத்தில் காயிலை மாற்றினார்கள். நான்கு நாள் நன்றாக ஓடியது. காயில்தான் கோளாறு என்று மகிழ்ந்தேன். ஐந்தாம் நாள் நின்றது. பிளக்குகளையும் பிளக் ஒயர்களையும் மாற்றினேன். ஒரு வாரம் ஓடியது. பிறகு பாட்டரியை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் சில நாள் ஓடிவிட்டுப் பழைய குணத்தைக் காட்டியது. பணம் போனதுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தவறு செய்தேன். கடையில் வேலை பார்த்த தம்பி ஒருவன், கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்ற வேண்டி காரில் ஒரு ஒயரை இழுத்து மாட்டியிருந்தான். அது என் நினைவுக்கு வந்தது. வேறு காரணம் தெரியாத ஆத்திரத்தில், வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போதே, “வண்டியைக் கெடுத்தவன் நீதான். செலவையெல்லாம் உன் சம்பளத்தில் பிடிக்கப் போகிறேன்” என்று சத்தம் போட்டுவிட்டேன். அவன் ஒயரைக் கழற்றி என் மேசை மேல் வைத்துவிட்டுப் பேசாமல் போனான். அன்றிலிருந்து அந்தக் காரில் ஏறவே மாட்டான். பஸ்ஸில் வந்து போனான். அடுத்த வாரம் கார் மறுபடியும் நின்றது.

முடிவை இறுதியில் சொல்கிறேன். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

மின்சாரம் போகும் வழி

பெட்ரோல் இஞ்சினில் நெருப்புப் பொறி பிறக்கும் வழியை ஒரு முறை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிக் கவலை தீரும். பாட்டரியிலிருந்து 12 வோல்ட் மின்சாரம் சாவி சுவிட்சுக்கும், அங்கிருந்து பியூஸ் வழியாகக் காயிலுக்கும் வருகிறது. காயிலுக்குள் தடித்த கம்பிச் சுற்று ஒன்றும், அதைவிடப் பல மடங்கு சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பிச் சுற்று ஒன்றும் உள்ளன. முதற்சுற்றில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று வெட்டினால், இரண்டாம் சுற்றில் 20,000 வோல்ட்டும் அதற்கு மேலும் எழும். அந்தப் பெரிய மின்சாரத்தை டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் பங்கிடும் கருவி, முறைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்புகிறது.

மின்சாரத்தை வெட்டும் வேலையைப் பழைய கார்களில் பாயிண்ட் என்னும் சிறு இணைப்பும் கண்டென்ஸரும் சேர்ந்து செய்தன. பல பிரிட்டிஷ் கார்களில் அந்தப் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்தான். பின்னால் வந்த கார்களில் மின்னணுக் கருவி ஒன்று அவ்வேலையை ஏற்றது. இன்றைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை; பிளக்குக்கு ஒன்றாகக் காயில் அமைந்துள்ளது. எவ்வகையாயினும் வழி ஒன்றே: சிறிய மின்சாரம், அதை வெட்டும் கருவி, பெரிய மின்சாரம், பிளக்.

இந்த வேலையின் வேகத்தையும் எண்ணிப் பாருங்கள். நான்கு சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது நிமிடத்துக்கு 6,000 பொறி, அதாவது நொடிக்கு 100 பொறி வேண்டும். ஒரு கம்பி கால் நொடி தொடர்பு விட்டால் 25 பொறிகள் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத சிறு விலகலே வண்டியைக் குலுக்கிவிடும்.

இந்தத் தொல்லை மோட்டார் காருடனேயே பிறந்தது. 1888-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில் இரு மகன்களுடன் மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்தார். உலகில் மோட்டார் வண்டியில் சென்ற முதல் நெடும்பயணம் அதுவே என்பர். வழியில் பொறிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் ஒயரின் உறை தேய்ந்துபோக, அவர் தம் காலுறைப் பட்டியைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு மேலே சென்றார் என்று சொல்லப்படுகிறது. ஆக, முதல் நெடும்பயணத்தின் பழுதுகளில் ஒன்றே ஒரு தேய்ந்த ஒயர்தான்!

முதற்கேள்வி: பொறியா, பெட்ரோலா?

வண்டி எப்படி அணைகிறது என்று கவனியுங்கள். விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. இருமி, தடுமாறி, வலுக்குறைந்து மெல்ல நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் போகும் வழியில் கோளாறு. ஆனால் இஞ்செக்‌ஷன் உள்ள கார்களில் பெட்ரோல் பம்பும் மின்சாரத்தால் ஓடுவது. அதன் ரிலே விட்டுப்போனாலும் இஞ்சின் நின்றுவிடும். சாவியைப் போட்டவுடன் பின்பக்கத்திலிருந்து ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். எப்போதும் கேட்கும் ஒலி அன்று கேட்கவில்லையென்றால் பம்பின் பக்கம் தேடுங்கள்.

அடுத்து, இஞ்சின் நிற்கும்போது ரேடியோவும் முகப்பு விளக்குகளும் சேர்ந்து நின்றனவா? சேர்ந்து நின்றால் பாட்டரி முனை, எர்த் பட்டை, பெரிய பியூஸ், சாவி சுவிட்சு ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகியுங்கள். இஞ்சின் மட்டும் நின்றால் கோளாறு அதன் சொந்த வழியில் உள்ளது. இஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரையும் பாருங்கள். பல கார்களில் அந்த மீட்டர் காயிலின் சிறிய மின்சாரத்திலிருந்தே கணக்கு எடுக்கிறது. கியரில் வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்துக்கு விழுந்தால், சிறிய மின்சாரம் வெட்டுப்பட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

நான்கு காரணங்கள்

விட்டு விட்டு வரும் கோளாறு காரணமின்றி வருவதில்லை. சூடு, ஈரம், அசைவு, பாரம் ஆகிய நான்கில் ஒன்று அதைக் கிளப்பிவிடுகிறது.

சூடு: குளிர்ந்தபோது ஓடி, இருபது முப்பது நிமிடத்தில் நின்று, ஆறிய பிறகு மீண்டும் கிளம்பினால், காயிலையோ மின்னணுக் கருவியையோ கண்டென்ஸரையோ சந்தேகிக்கலாம். ஜொகூருக்குப் போகும் வுட்லண்ட்ஸ் பாலத்தில் நெரிசலில் ஊர்ந்துகொண்டே போகும்போது நிற்கும் வண்டிகளில் பல இவ்வகை. சாவியை எடுத்துவிட்டு, வெளியே தெரியும் காயிலின் மேல் ஈரத் துணியைச் சுற்றி வையுங்கள். சீக்கிரமே கிளம்பினால் துப்புக் கிடைத்தது.

ஈரம்: மழை நாளிலும் விடியற்காலையிலும் மட்டும் தொல்லை தந்தால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். மயிரிழை போன்ற கரிக்கோடு தெரிந்தால் பெரிய மின்சாரம் அதன் வழியே தப்பி ஓடுகிறது. இருட்டில் இஞ்சினை ஓடவிட்டு, எட்ட நின்று பிளக் ஒயர்கள் மேல் தண்ணீரைப் புகைபோல் தெளித்தால் நீலப் பொறி பறப்பதைக் காணலாம்.

அசைவு: குண்டு குழியிலோ திருப்பத்திலோ நின்றால், தளர்ந்த முனை, உள்ளே அறுந்த ஒயர், தேய்ந்த சாவி சுவிட்சு ஆகியவற்றைத் தேடுங்கள். நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: கடைச் சாவி, கிடங்குச் சாவி, பெட்டிச் சாவி எல்லாவற்றையும் ஒரே கொத்தாகக் கார்ச் சாவியில் தொங்கவிடாதீர்கள். அந்தப் பாரம் ஆடி ஆடிச் சுவிட்சைத் தேய்த்துவிடும்.

பாரம்: சரக்கு ஏற்றியபோதும், ஏற்றத்திலும், வேகம் எடுக்கும்போதும் மட்டும் குலுங்கினால் தேய்ந்த பிளக், பலவீனமான காயில் ஆகியவை காரணமாகலாம். பாரத்தில் இஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளில் சாய்வதால், அசைவுக் கோளாறும் பாரக் கோளாறுபோல வேடமிட்டு வருவதுண்டு. இதை மறவாதீர்கள்.

கணக்குப் புத்தகம்

கல்லாவில் பணம் குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் கண்ணில் பட்டவனைத் திருடன் என்று பிடிப்பவன் நல்ல வியாபாரி அல்ல. ஐந்தொகையைப் புரட்டி, எந்த நாள், எந்த நேரம், யார் கையில் கல்லா என்று வரிசையாகப் பார்க்கிறோம். காருக்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நின்ற நாள், நேரம், கிளம்பி எத்தனை நிமிடம், மழையா வெயிலா, ஏற்றமா சமதரையா, சரக்கு இருந்ததா, ரேடியோ பாடியதா, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது என இவற்றை எழுதுங்கள். நிற்காத நாளையும் எழுத வேண்டும். வரவு எழுதாத பேரேடு பேரேடு ஆகாதல்லவா?

மீட்டர் வைத்துப் பார்த்தல்

ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்வது நல்லது. நான் முதலில் வாங்கியது சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில். அச்சந்தை 2017 ஜூலை 10-இல் மூடப்பட்டுவிட்டது. ஜாலான் புசார் முனையில் உள்ள சிம் லிம் டவரில் மின்கருவிக் கடைகள் இருக்கின்றன.

வண்டி ஓய்ந்திருக்கும்போது நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பாட்டரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இஞ்சின் இரும்பிலும் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை கெட்டிருக்கிறது. அதைக் கழற்றி, துரு நீங்கச் சுரண்டி முடுக்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. சும்மா நிற்கும் காரில் ஒயரைச் சோதித்தால், உள்ளே ஒரே ஓர் இழை ஒட்டியிருந்தாலும் மீட்டர் “சரி” என்றே சொல்லும். கோளாறு வெளிப்படும் வேளையில், அல்லது ஒயரை அசைத்துக்கொண்டே பார்த்தால்தான் உண்மை தெரியும்.

என் கார் நின்ற காரணம்

பழுது வேலையில் நாற்பது ஆண்டுப் பழக்கமுள்ள சீனப் பெரியவர் ஒருவர்தான் எனக்கு நோட்டுப் புத்தகத்தின் அருமையைச் சொன்னவர். “எதையும் வாங்காதே. மூன்று வாரம் எழுதிக்கொண்டு வா” என்றார். எழுதினேன். மூன்று வாரத்தில் ஒன்பது முறை நின்றிருந்தது. ஏழு முறை சரக்கோடு ஏற்றத்தில் ஏறும்போது, அல்லது பச்சை விளக்கு விழுந்ததும் விரைந்து கிளம்பும்போது. இரண்டு முறை பின்னோக்கி எடுக்கும்போது. நேரான விரைவுச்சாலையில் ஒரு முறைகூட இல்லை. மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிளம்பிய இரண்டாம் நிமிடத்திலேயே நின்றதும் உண்டு; ஆகவே சூடும் இல்லை. ஒன்பது முறையும் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மீட்டர் முள் மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தது. தம்பியின் ஒயரோ அந்த மூன்று வாரமும் என் மேசை மேலேதான் கிடந்தது.

பெரியவர் புத்தகத்தைப் படித்துவிட்டு இஞ்சினை ஓடவிட்டார். பெரிய மின்சார ஒயர்களைத் தொடாமல், டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் சிறு ஒயர்களை மட்டும் ஒவ்வொன்றாக மெல்ல இழுத்தார். மூன்றாவது ஒயரில் இஞ்சின் அணைந்தது. விட்டதும் பற்றியது. மேலுறை புதியதுபோல் இருந்தது. கீறிப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி பச்சைக் களிம்பேறி அறுந்திருந்தது. இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டுமே இருந்தன. இஞ்சினின் ரப்பர் தாங்கி இற்றுப்போனதால், பாரம் ஏறும்போதெல்லாம் இஞ்சின் அதிகமாகச் சாய்ந்து அந்த ஒயரை இழுத்திருக்கிறது. ஒரு சாண் ஒயரைப் புதிதாக ஈயம் வைத்துப் பற்றி, சிறிது தளர்வு விட்டுக் கட்டினார். ரப்பர் தாங்கியையும் மாற்றினார். ஒயருக்கு ஆன செலவு சில வெள்ளிதான். அதன்பின் 2016-இல் சி.ஓ.இ. முடியும் வரை அந்தக் கார் ஒரு நாளும் அவ்வாறு நிற்கவில்லை.

அன்று மாலை கடைக்கு வந்து, வாடிக்கைக்காரர்கள் இருக்கும்போதே அந்தத் தம்பியை அழைத்தேன். எல்லோர் முன்னும் பழி சொன்னவன், எல்லோர் முன்னும்தானே மன்னிப்புக் கேட்க வேண்டும்? “தம்பி, கோளாறு உன் ஒயரில் இல்லை. நான் விசாரிக்காமல் பேசிவிட்டேன். மன்னித்துக்கொள்” என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “பரவாயில்லை அண்ணே, வண்டி சரியாகிவிட்டதல்லவா?” என்றான். மறுநாள் விடியற்காலையில் என்னோடு காரில் ஏறினான். காயிலுக்கும் பாட்டரிக்கும் கொடுத்த பணத்தை நான் மறந்துவிட்டேன். அந்த மூன்று நான்கு வாரம் அவன் பஸ்ஸில் வந்து போனதை இன்னும் மறக்க முடியவில்லை.

நினைவில் வைக்க வேண்டியவை

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள்; பல பாகங்களைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று என்றும் தெரியாது. நன்றாக இருந்த பழைய பாகத்தை எறியாதீர்கள். நான்கு நாள் ஓடியதைக் கொண்டு நோய் தீர்ந்தது என்று முடிவு கட்டாதீர்கள். முன்பு நின்ற அதே நிலையில் ஓட்டிச் சோதியுங்கள்.

கையில் கடிகாரமும் மோதிரமும் அணிந்து பாட்டரியைத் தொடாதீர்கள். நெகட்டிவ் எர்த் வண்டியில் முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, கடைசியில் அதை மாட்ட வேண்டும். ஓடும் இஞ்சினில் பிளக் ஒயரைக் கையால் பிடுங்குவது உயிருக்கு ஆபத்து; மின்னணுக் கருவியும் பாழாகும். பெட்ரோல் வாடை அடித்தால் பொறிச் சோதனையே வேண்டாம்.

விரைவுச்சாலையில் வண்டி நின்றால் ஆராய்ச்சி செய்யும் இடம் அதுவல்ல. இயன்றவரை ஓரத்துக்கு ஒதுக்கி, அபாய விளக்கைப் போட்டு, ஆட்களை இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிற்கச் செய்யுங்கள். விரைவுச்சாலையில் நின்ற வண்டியை அருகிலுள்ள குறிப்பிட்ட கார்ப்பார்க்குக்கு இலவசமாக இழுத்துச் செல்ல நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இழுவை வண்டிச் சேவை உண்டு.

நான் மெக்கானிக் அல்ல, கடை வைத்திருப்பவன். பட்டுத் தெரிந்ததையும், பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்ததையும் எழுதினேன். பிழையிருப்பின் தொழில் அறிந்த சகோதரர்கள் திருத்துவார்களாக. உங்கள் வண்டி விட்டு விட்டு நின்றால், பணப்பையைத் திறக்குமுன் நோட்டுப் புத்தகத்தைத் திறவுங்கள். யார் மீதாவது பழி சொல்ல வாயைத் திறக்குமுன்பும் அந்தப் புத்தகத்தையே ஒரு முறை பாருங்கள்.